அரசமரத்துக்கு மலையிலே பெண் எடுத்த கதை

சத்தியமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சாஸ்தா மேல் சத்தியம். குளத்துத் தண்ணீர் மேல் சத்தியம். இந்த வருஷம் குளத்தில் தண்ணீர் இல்லை, அது வேறு விஷயம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். 'உமக்குத்தான் பல்லே இல்லையே' என்று யாரோ சிரிக்கிறீர்கள். அது வேறு ஒரு கதை சொல்லும்போது போனது. இந்தக் கதைக்காக நான் இன்னும் எதையும் இழக்கவில்லை. அதிலிருந்தே தெரியவில்லையா, இது உண்மை என்று?

எங்கள் ஊர் கீழப்பொட்டங்காடு. தென்கோடியில் பொட்டல் நடுவே இருக்கிறது. எப்போதாவது வழி தவறி ஒரு லாரி வரும். டிரைவர் எங்களிடம் வழி கேட்பார். நாங்கள் சொன்ன வழியிலேயே போய், சாயங்காலம் மறுபடி எங்கள் ஊருக்கே வந்து சேருவார். அப்படிப்பட்ட ஊரில் அறிவாளி என்று பெயர் எடுத்தவன் நான். மற்றவர்கள் எப்படி என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

அப்போது என் மீசை கறுப்பு. பெயர் வெயிலுமுத்து. மாமன் மகள் உலகம்மாளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். தை பிறந்தால் கல்யாணம். அந்த நேரம் பார்த்து ஐப்பசிக் காற்றில் பிள்ளையார் கோயில் வேப்பமரம் வேரோடு சாய்ந்துவிட்டது.

அது சாதாரண வேம்பு இல்லை. பக்கத்தில் நிற்கும் அரசமரத்துக்கு ஊர்கூடித் தாலி கட்டி வைத்த பெண்டாட்டி. எல்லா ஊரிலும்தான் அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். பந்தி முடிந்ததும் மறந்துவிடுவார்கள். நாங்கள் மறக்கிற ஆட்கள் இல்லை. வேம்பு விழுந்த அன்று ஊரே தலை முழுகிற்று. ஆண்கள் ஒவ்வொருவராகப் போய் அரசமரத்தைக் கட்டிக்கொண்டு, "மனசைத் தேத்திக்கும்" என்று சொல்லி அழுதோம். என் அக்கா பிரமாச்சி ஒரு சட்டி கஞ்சி காய்ச்சிக்கொண்டுபோய் வேரில் ஊற்றி, "துக்கத்துல சாப்பிடாம கிடக்காதேயும்" என்றாள்.

என் மாமா ஆவுடையப்பன் ஊர்த்தலைவர். கல்யாணத்துக்கு நாள் குறிக்க ஆத்தங்கரை ஜோசியரிடம் போனார். ஜோசியர் சோழியை உருட்டிவிட்டு, "ஊர் அரசமரம் துணையில்லாம நிக்கையில ஊருக்குள்ள மேளம் கொட்டலாமா? முதல்ல அதுக்கு ஒரு துணை பாரும்" என்று சொல்லி அனுப்பினார். ஒரு வேப்பங்கன்றை நட்டு வை என்பதைத்தான் அந்த மனுஷர் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமா என்னைக் கூப்பிட்டார்.

"எலே வெயிலு, தைக்குள்ள அரசமரத்துக்கு ஒரு கல்யாணத்தை முடிச்சுப்பிடணும். முடியலேன்னா உலகம்மாளை நெல்லு மில்லு கணக்கப்பிள்ளைக்குக் குடுத்திருவேன். அவரு காத்துக்கிட்டு நிக்காரு."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கணக்கப்பிள்ளை நிஜமாகவே வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் குடையோடு.

அன்று சாயங்காலமே ஊர் கூடிற்று. பூலுடையார் முதலில் பேசினான். ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அந்தத் திமிர் அவனுக்கு எப்போதும் உண்டு.

"இதுக்கு எதுக்குவே கூட்டம்? கொல்லைக்குக் கொல்லை வேப்பங்கன்னு முளைச்சுக் கெடக்கு. ஒண்ணைப் பிடுங்கி நட்டாப் போச்சு."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "அட நாசமாப் போறவனே! அதெல்லாம் விழுந்தவளோட பழத்துல முளைச்சதுல்லா? அந்த மரத்துக்கு அது எல்லாம் மக முறை வேணும்லே!"

இப்படி ஒரு பாவத்திலிருந்து தப்பித்தோமே என்று பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அப்பம் அடுத்த ஊர்ல எடுப்போம்" என்றார் ஒருவர்.

"அடுத்த ஊர் வேம்பு எப்பிடி வந்துது? நம்ம ஊர்க் காக்கா பழத்தைத் தின்னுட்டுப் போய்ப் போட்டதுதான? அதுவும் மகதான்" என்றாள் அக்கா.

"காக்கா எம்புட்டு தூரம் பறக்கும்?" என்று கேட்டார் மாமா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே அறிவாளி. "மலை வரைக்கும் பறக்காது மாமா. மூச்சு வாங்கும்" என்றேன். இந்தக் கதையின் எல்லாக் கேட்டுக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

கல்யாணத் தரகர் சொள்ளமுத்து தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "மலைன்னதும்தான் ஞாபகம் வருது! மேல குளுந்த மலையில ஒரு பெரிய தோட்டம் இருக்காம்வே. அரசாங்கத்துத் தோட்டம். ஊருப்பட்ட மரம். ஒவ்வொரு மரத்து முன்னாலயும் போர்டு வச்சு, பேரு என்ன, என்ன குடும்பம், சொந்த ஊரு எதுன்னு எழுதிப் போட்டிருக்கானாம். நானும் தலை நரைக்கிற வரைக்கும் தரகு பார்த்துட்டேன். இம்புட்டு விவரமா ஒரு பொண்ணு வீட்டுக்காரனும் சொன்னதில்ல."

அவ்வளவுதான். மலையில் பெண் எடுப்பது என்று முடிவாயிற்று.

நாங்கள் ஐந்து பேர் புறப்பட்டோம். மாமா, சொள்ளமுத்து, போர்டு படிக்கப் பூலுடையார், தாம்பாளம் ஏந்த அக்கா, பிறகு நான். தாம்பாளத்தில் பூ, பழம், வெற்றிலை, பாக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று அக்கா ஒரு மஞ்சள் கயிறும் வைத்திருந்தாள். 'மாப்பிள்ளை எப்படி?' என்று பெண் வீட்டார் கேட்டால் காட்ட வேண்டுமே என்று அரசமரத்தில் ஒரு கிளையை ஒடித்து, ஈரத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட் பிடித்தோம். கண்டக்டரிடம் அதனால் வந்த சண்டையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

தோட்டத்து வாசலில் டிக்கெட் கொடுப்பவர், "எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"பொண்ணு பார்க்க அஞ்சு பேரு வந்திருக்கோம். மாப்பிள்ளைக்கு வர முடியல. இந்தா, அவரைக் காட்டணும்னா" என்று மாமா என் கையிலிருந்த கிளையைக் காட்டினார். அந்த மனுஷர் கிளையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சட்டென்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மரியாதை தெரிந்தவர்.

உள்ளே போனால், அடேயப்பா! பார்க்கும் இடமெல்லாம் பெண்கள். அதாவது மரங்கள்.

முதல் மரம் ஊசி ஊசியாக, உடம்பெல்லாம் முள்ளாக நின்றது. பூலுடையார் எழுத்துக்கூட்டிப் படித்தான். "இம்மரத்தில் குரங்கும் ஏற இயலாது."

"நல்ல கட்டுப்பாடான வீடு" என்றார் மாமா.

"கட்டுப்பாடு சரிதாம். நம்ம மரத்துல ஊர்க் குரங்கு பூராவும் குடியிருக்கே. வந்தவ அதுங்களை விரட்டினா மாப்பிள்ளை மனசு என்ன பாடுபடும்?" என்று கேட்டார் சொள்ளமுத்து. தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தோம்.

அடுத்தது உயரமான தைல மரம். பட்டை உரிந்து உரிந்து தொங்கியது. அக்கா பக்கத்தில் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்து என் காதில், "தோல் வியாதி. வெளியில சொல்லாத, பாவம்" என்றாள்.

பிறகு ஒரு கம்பி வேலிக்குள் பாறை மாதிரி ஒரு கட்டை கிடந்தது. பூலுடையார் படித்தான், நிறுத்தினான், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். "கல்லாக மாறிய மரம். வயது இரண்டு கோடி ஆண்டு."

மாமா விரல் விட்டு எண்ணப் பார்த்து, பாதியில் கையை மடக்கிக்கொண்டார்.

"வயசு சித்தே கூடத்தான்" என்றார் சொள்ளமுத்து. தரகர் இல்லையா, எந்த இடத்தையும் ஒரேயடியாகத் தட்டிக் கழிக்க அவருக்கு மனசு வராது. "ஆனா பாருங்க, இத்தனை வருசமா ஒரு சொல்லு வெளிய வந்திருக்காது. அமைதியான இடம்."

"மாப்பிள்ளைக்கு அம்மா மாதிரி இருக்கும்வே. வேண்டாம்" என்றார் மாமா. இருந்தாலும் பெரியவர்கள் என்று ஐந்து பேரும் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

கண்ணாடி வீட்டுக்குள் போனோம். உள்ளே கதகதப்பாக இருந்தது. செல்லமாக வளர்ந்த பெண்கள். ஒன்று பச்சைக் குடுவை குடுவையாகத் தொங்கவிட்டுக்கொண்டு அழகாக இருந்தது. மாமாவுக்குப் பிடித்துவிட்டது. அக்கா தாம்பாளத்தை நீட்டக்கூடப் போய்விட்டாள். அதற்குள் பூலுடையார் போர்டைப் படித்துவிட்டு, "ஐயையோ, நில்லு மதினி!" என்று அலறினான்.

"என்னலே?"

"இது பூச்சியைப் பிடிச்சுத் தின்னும்னு போட்டிருக்கு. அசைவம்!"

பிள்ளையார் பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளை. அசைவக் குடும்பம் எப்படிச் சரிப்பட்டு வரும்? நல்லவேளை, படிக்கத் தெரிந்தவன் ஒருவன் கூட இருந்தான்.

இப்படியே பொழுது போயிற்று. கண்ணை மூடினால் எனக்குக் கணக்கப்பிள்ளையின் குடை தெரிந்தது. "மாமா, கொஞ்சம் குறை இருந்தாலும் பரவாயில்லையே" என்றேன்.

"உனக்குப் பார்க்கும்போது குறை இருந்தாச் சம்மதிப்பியாலே?" என்று கேட்டார். அவர் மகளைப் பற்றிய பேச்சு என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அவளைப் பார்த்தோம்.

பெரிய புல்வெளி. நட்ட நடுவில் ஒரே ஒரு மரம். பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி செக்கச் செவேல் என்று பூ. கிளையெல்லாம் தரையைப் பார்த்துத் தொங்குகிறது.

"தலை குனிஞ்சு நிக்கா பாரு. என்ன வெக்கம், என்ன வெக்கம்!" என்று அக்கா உருகிப் போனாள்.

போர்டு புல்வெளிக்கு இந்தப் பக்கமே இருந்தது. "குடும்பம் மிர்டேசியே. தாயகம் ஆஸ்திரேலியா" என்று படித்தான் பூலுடையார்.

"ஆஸ்திரேலியாவுக்கு எங்க இறங்கணும்?" என்று கேட்டார் மாமா.

"மதுரை தாண்டித்தான் இருக்கும்" என்றேன்.

"அப்பம் காக்கா வராது" என்று அக்கா முடிவாகச் சொன்னாள்.

இனி பெண்ணிடம் நேரில் போய்ச் சம்மதம் கேட்க வேண்டியதுதான். அங்கேதான் இன்னொரு போர்டு இருந்தது. 'புல்லை மிதிக்காதீர்கள்.'

நாங்கள் சட்டத்தை மீறுகிற ஊர்க்காரர்கள் இல்லை. புல் ஓரமாக நின்று யோசித்தோம். பறந்து போக முடியாது. பாலம் போட நேரமில்லை. "மிதிக்கக் கூடாதுன்னுதான போட்டிருக்கு? உருளக் கூடாதுன்னு போடலியே" என்று சொன்ன அறிவாளி யார் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம்.

மாமா முதலில் படுத்தார். அவர் வயிறு பெரிது. ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்க நாங்கள் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. பிறகு சொள்ளமுத்து, பூலுடையார், மார்போடு கிளையைக் கட்டிக்கொண்டு நான். அக்கா தாம்பாளத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி எப்படி உருண்டாள், பழம் ஒன்றுகூடக் கீழே விழாமல் எப்படி வந்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத அதிசயம்.

சுற்றிப் பார்க்க வந்த ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா கைகூப்பிக்கொண்டு, "இது எந்தச் சாமிங்க?" என்று கேட்டார்.

"சாமி இல்லம்மா, பொண்ணு" என்றார் சொள்ளமுத்து உருண்டபடியே.

"அம்மனாம்!" என்று அந்த அம்மா தன் கூட்டத்தாரிடம் சொன்னார். மறு நிமிஷம் அவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே உருள ஆரம்பித்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி பிள்ளை வரம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எங்களை முந்திக்கொண்டு உருண்டு போயிற்று.

மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம். யாரும் எழுந்து நிற்கவில்லை, நின்றால் மிதித்ததாகிவிடுமே. உட்கார்ந்தபடியே அக்கா கேட்டாள், "ஏம்மா, ஒரு பாட்டு பாடேன்." மேலேயிருந்து ஒரு குருவி கத்திற்று.

"குரல் நல்லாருக்கு. கொஞ்சம் நடக்கச் சொல்லு, கால்ல ஏதும் குறை இருக்கான்னு பார்ப்போம்" என்றார் மாமா.

மரம் நடக்கவில்லை.

"ஆம்பளைங்க முன்னால நடக்காது. அடக்கம்" என்றார் சொள்ளமுத்து. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் விசில் சத்தம் காதைப் பிளந்தது. காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"யோவ்! என்னய்யா பண்றீங்க எல்லாரும்? எழுந்திருங்கய்யா!"

"எந்திரிச்சா புல்லு மிதிபடும்" என்றேன். அவர் குனிந்து, புல் மேல் நின்ற தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"இந்த மரத்துக்கு நீங்கதான் காவலா?" என்று மாமா பணிவாகக் கேட்டார்.

"ஆமாய்யா. என் பொறுப்புலதான் இருக்கு."

"அப்ப நீங்கதான் சம்பந்தி. உட்காருங்க" என்று அக்கா அவர் கையில் வெற்றிலைப் பாக்கைத் திணித்தாள். "நாங்க மாப்பிள்ளை வீடு. எங்க அரசமரத்துக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்."

வாட்ச்மேன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். குடித்திருக்கிறோமா என்று மோந்துகூடப் பார்த்தார். தலையில் தேய்த்த வேப்பெண்ணெய் வாடைதான் வந்திருக்கும்.

"இங்க பாருங்க, இங்கேருந்து ஒரு இலையைக்கூட எடுத்துட்டுப் போக விடமாட்டேன்" என்றார்.

மாமா எங்கள் பக்கம் திரும்பினார். "சீர் செனத்தி ஒண்ணும் கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாரு. நேர்மையான மனுசன்."

"ஆனா பொண்ணையே அனுப்ப மாட்டேன்னுல்லா சொல்லுதாரு?" என்றான் பூலுடையார்.

"அப்பிடின்னா வீட்டோட மாப்பிள்ளை கேக்காருவே" என்றார் சொள்ளமுத்து. ஐந்து பேருக்கும் முகம் தொங்கிப் போயிற்று. எங்கள் ஊரில் இதுவரை ஒருத்தரும் வீட்டோட மாப்பிள்ளையாகப் போனதில்லை. முதல் முதலாகப் போகிறவர் அரசமரமா?

வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "அப்பிடியே வச்சுக்குங்க! உங்க மாப்பிள்ளையை இங்க கூட்டிட்டு வாங்க! இப்ப அஞ்சே நிமிஷம் தர்றேன். எல்லாத்தையும் முடிச்சுட்டு இடத்தைக் காலி பண்ணணும்!"

"கேட்டீங்களா? சம்பந்தியே முகூர்த்தம் குறிச்சிட்டாரு" என்றார் மாமா. "அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. மாப்பிள்ளையை எப்பிடிக் கொண்டாறது?"

அரசமரத்தைப் பிடுங்கி, பஸ் ஏற்றி, ஐந்து நிமிஷத்தில் கொண்டுவருவது கஷ்டம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அவருக்குப் பதிலாக ஒருவன் கட்ட வேண்டியதுதான். மற்ற ஆண்களெல்லாம் கல்யாணம் ஆனவர்கள். மிச்சம் நான் ஒருவன்தான்.

மாமா அரசங்கிளையை என் தலையில் வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டினார். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த நிமிசத்துலேருந்து நீ வெயிலுமுத்து இல்ல. அரசமரம். விளங்குதா?"

நான் பதில் சொல்லவில்லை. மரம் எங்கேயாவது பேசுமா? அப்படியே விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எலே, தாலியைக் கட்டு!"

நான் அசையவில்லை.

"காத்து இல்லாம எப்பிடி மாமா கிளை அசையும்?" என்று அக்கா நினைவுபடுத்தினாள். சொள்ளமுத்து தன் மேல்துண்டை உருவி என் மேல் சடசடவென்று வீசினார். காற்று வந்ததும் என் கிளைகள் அசைந்தன. அப்படியே போய் அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் கயிற்றில் முதல் முடிச்சைப் போட்டேன். மற்ற முடிச்சை நாத்தனார் முறையில் அக்கா போட்டாள். அதைப் பார்த்த வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்து மூச்சு அடங்குகிற வரைக்கும் ஊதினார். சரியான நேரத்தில் அந்தக் கெட்டிமேளம் அமைந்ததை நினைத்தால் இப்போதும் மெய் சிலிர்க்கிறது.

வாசல் வரைக்கும் எங்களை அவரே விரட்டிக்கொண்டு வந்து வழியனுப்பினார். "இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது!" என்றார்.

"மறுவீட்டுக்கு வராம எப்பிடி சம்பந்தி?" என்று மாமா அவரைக் கட்டிக்கொண்டார். அவர் அழுதார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த மனுஷர் அழத்தானே செய்வார்.

ஊருக்குத் திரும்பி அரசமரத்திடம் விஷயத்தைச் சொன்னோம். அது ஒரு இலையை உதிர்த்தது. ஆனந்தக் கண்ணீர். நான் மெதுவாக மாமா பக்கம் போய், "அப்பம் தை மாசம் நம்ம கல்யாணம்தான மாமா?" என்றேன்.

மாமா தாடையைச் சொறிந்தார். "ஒரு சங்கடம் இருக்குலே. தாலி கட்டின கை யாரு கை?"

"என் கைதான். ஆனா நீங்கதான என்னை அரசமரமா இருன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"இருன்னு சொன்னாரு" என்று பூலுடையார் குறுக்கே வந்தான். "போதும்னு சொன்னாரா?"

எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். சொல்லவில்லை.

"அப்பம் நீ இன்னும் மரந்தான் மாப்ளே" என்றான்.

"இப்பம் சொல்லுங்க மாமா, போதும்னு!" என்று கெஞ்சினேன்.

"எப்பிடிலே சொல்லுவேன்? உன்னை இப்பம் இறக்கிவிட்டா, கட்டின தாலி உன் தலையில விழுந்திரும். நீ கல்யாணமானவனாயிருவே. கல்யாணமானவனுக்கு என் மகளை எப்பிடிக் குடுக்க? இறக்காம விட்டா நீ மரம். மரத்துக்கு எப்பிடிக் குடுக்க?"

மரம்தானா என்பதைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊர் சொல்லிற்று. என்னைத் தெருமுனையில் நிறுத்திவைத்தார்கள். எல்லோரும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஊர் நாய் ஒன்று வந்தது. என்னைச் சுற்றி மோந்தது. பின்னங்காலைத் தூக்கிற்று.

அதற்கு மேல் வேறு சாட்சி எதற்கு? கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கணக்கப்பிள்ளை மாமா வீட்டு வாசலில் குடையை விரித்துக்கொண்டு ஒரு படி மேலே ஏறி நின்றார். வேட்டி நனைந்து நின்ற நான், மரம் அழுமா அழாதா என்றுகூட யோசிக்காமல் அழுதேன்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து உலகம்மாள் வந்தாள். இடுப்பில் குடம். தண்ணீருக்குப் போகிறவள் போகிற போக்கில் நின்று கேட்டாள்.

"எப்பா, ஒண்ணு கேக்கேன். இவுக அரசமரம்னா, கோயில் பக்கத்துல நிக்கிறது யாரு?"

"அதுவும் அரசமரந்தான்."

"ஊருக்கு எத்தனை அரசமரம்?"

"ஒண்ணே ஒண்ணு."

"அந்த ஒண்ணு இவுகன்னா, அங்க நிக்கிறது மரமா இருக்க முடியாதுல்லா? வெயிலுமுத்து இடம்தான் காலியாக் கெடக்கு. அப்பம் அதுதான் வெயிலுமுத்து. எனக்கு வெயிலுமுத்துவைத்தான பேசி முடிச்சீங்க? அவுகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலியே. கட்டி வச்சிர வேண்டியதுதான?"

சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டாள். ஊர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பிறகு, "அட, ஆமா!" என்று மாமா கத்தினார். எல்லோரும் கத்தினார்கள். கணக்கப்பிள்ளை குடையை மடக்கினார். அவள் மகா புத்திசாலியா, இல்லை அசட்டுத்தனத்தில் எங்கள் எல்லோரையும்விட ஒரு படி கூடவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கத் துணிச்சல் இல்லை.

தை மாதம் ஜாம் ஜாம் என்று கல்யாணம். பிள்ளையார் கோயில் அருகே நின்ற வெயிலுமுத்துவுக்குப் பட்டு வேட்டி கட்ட, ஒன்று போதாமல் ஊரிலுள்ள வேட்டியையெல்லாம் ஒட்டுப் போட்டார்கள். தாழ்ந்த கிளை ஒன்றில் தாலியைத் தொங்கவிட்டு, கீழே உலகம்மாள் தலை குனிந்து உட்கார்ந்தாள். காற்று வரவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஊரே துண்டை வீசிற்று. கடைசியில் கிளை அசைந்து தாலி கழுத்தில் விழுந்தபோது, கூட்டத்தோடு கூட்டமாக நின்று நானும் அட்சதை போட்டேன். சாப்பாட்டுக்கு முதல் பந்தியில் எனக்கு இடம் தரவில்லை. முதல் பந்தி சொந்தக்காரர்களுக்காம்.

அப்புறம் என்ன? பகலெல்லாம் மாப்பிள்ளை கோயில் பக்கம் நிற்கிறார். வீட்டு வேலை செய்ய ஒரு மரம் தேவைப்படுகிறது என்று உலகம்மாள் என்னை வீட்டோடு வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் பிறந்தார்கள். ஊர்க் கணக்குப்படி எல்லாரும் அரசமரத்தின் பிள்ளைகள். காது குத்து, பேர் வைப்பு எல்லாம் அங்கேதான். சாயல் மட்டும் கொஞ்சம் என்னைப்போல இருக்கிறது என்பார்கள். எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தால், "நான் என் புருசங்கிட்டப் போறேன்" என்று அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? நானும் என் பெண்டாட்டியிடம் போகிறேன் என்று மலைக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

நேற்றுக் குழம்பில் உப்பு கூட என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதனால்தான் இன்றைக்கு உங்களை இந்தத் தோட்டத்தில் பார்க்கிறேன். இவ்வளவு நேரமும் நீங்கள் நிழலுக்கு ஒதுங்கி நின்று கதை கேட்டீர்களே, இந்தச் சிவப்புப் பூ மரம், இவள்தான் அவள்.

ஒன்று மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னவன் யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கொஞ்சம் தள்ளி வாருங்கள். இன்னும் கொஞ்சம். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். ஆஸ்திரேலியாக்காரி, இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி இப்போதுதான் இவளுக்கு லேசாகத் தமிழ் புரிய ஆரம்பித்திருக்கிறது. உலகம்மாளைப் பற்றி நான் இன்னும் இவளிடம் வாயே திறக்கவில்லை.